ஆடு கத்தரித்த வாரத்தில் மூன்று பயணிகள்

1

இந்தக் கதை பிறந்ததே ஒரு பலகைக்காகத்தான். எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் ரயில் நின்று அறுபது வருஷம் ஆகிறது. பாழடைந்த நிலையத்தை விடுமுறை விடுதியாக்கியிருக்கும் கெதின் பியூ, வாசலில் வரலாற்றுப் பலகை வைக்கிறார். "நூறு சொல் போதும். இனிமையா இருக்கணும்," என்றார் என்னிடம்.

எழுதினேன்: 'பனி மூடிய மலைகளுக்கிடையே காலம் உறைந்துபோன ஒரு'

வேண்டாம். இங்கே உறைவது குழாய்த் தண்ணீர் மட்டுமே.

2

அடுத்த தொடக்கம், கெதினே சொல்லித் தந்தது: 'பயணிகள் குறைந்ததால் நிலையம் மூடப்பட்டது. நிலைய ஊழியர் எம்லின் தாமே கணக்கெடுப்பில் கையெழுத்திட்டு அதை உறுதிசெய்தார்.'

எம்லினின் மகள் எலினெட்டிடம் காட்டினேன். வயது எழுபத்தெட்டு. கண்ணாடி போடாமலே படித்தாள்.

"எங்கப்பா செத்து முப்பது வருஷம் ஆச்சு. இன்னமும் அவரேதான் ரயிலை நிறுத்திக்கிட்டு இருக்காரா?"

3

நடந்தது இதுதான். 1963 ஜூன். ரயில்வே மேலிடத்திலிருந்து ஓர் இளைஞன் படிவத்தோடு வந்து, ஒரு வாரம் நடைமேடையில் உட்கார்ந்து பயணிகளை எண்ணினான். அது ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் வாரம். இன்று இவன் பண்ணை, நாளை அவன் பண்ணை என்று ஊரே முறைவைத்துப் போய்க் கத்தரிக்கும். ரயிலேற எவன் இருப்பான்? மூன்று பேர் ஏறினார்கள்.

"அடுத்த வாரம் வந்து பாருங்க சார், சந்தைக் கூட்டத்துல நிக்க இடமிருக்காது," என்றார் எம்லின்.

"அடுத்த வாரத்துக்குப் படிவத்துல கட்டமில்லையே."

"காரணமாவது எழுதுங்க."

"அதுக்கும் இல்ல. மூணு பேர்ங்கறது சரியா, தப்பா?"

சரிதான். எம்லின் கையெழுத்துப் போட்டார். (பொய்யனாக இருந்தால் முந்நூறு என்று எழுதிவைத்துப் பிழைத்திருப்பார். யோக்கியன்தான் இப்படி மாட்டுவான்.)

நிலையத்தை மூடினார்கள். படிவத்தை அச்சடித்து அனுப்பியவனை ஊர் திட்டவில்லை. அவன் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தான். எம்லின் பக்கத்தில் இருந்தார். மறுவருஷத்திலிருந்து அவர் வீட்டாரை ஒருவரும் கத்தரிப்புக்குக் கூப்பிடவில்லை. அவர் சாகும்வரை.

[இங்கே எலினெட் அழுவதாக எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. சொன்ன வார்த்தையை அச்சிட முடியாது.]

4

என்னையும் இழுத்துக்கொண்டு கெதினிடம் போனாள்.

"கத்தரிப்பு வாரம்னு ரெண்டே சொல்லு சேருங்க."

"அதெல்லாம் சர்ச்சை, எலினெட். லீவுக்கு வர்றவங்க நிம்மதியா இருக்க வேணாமா? அவர் கையெழுத்துப் போட்டது உண்மைதானே?"

"ஊரே ஆடு சிரைச்சிட்டுக் கெடந்ததும் உண்மைதான்யா. நானும் அதுல ஒருத்தி. எங்கப்பாவ மொதல்ல ஒதுக்கினது உங்க தாத்தா."

"அப்ப நான் பொறக்கவே இல்லியே!"

"பொறக்காதவருக்கு வரலாறு என்னத்துக்கு?"

கெதின் புன்னகை செய்தார். குழு கூடிப் பேசும் என்றார். அந்தக் குழுவில் அவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள்.

5

முடிவு ஒன்று: கெதின் மனம் திருந்துகிறார். (சிரிக்காதீர்கள்.)

முடிவு இரண்டு: எலினெட் சுத்தியலோடு வருகிறாள். வாசகருக்கு மனம் குளிரும், அவளுக்கோ மணிக்கட்டில் வாதம்.

முடிவு மூன்று: கேட்டபடியே எழுதிக்கொடுத்துவிட்டு, நான் பலகைத் திறப்பு விழாவில் தேநீர்

சீ.

சனிக்கிழமை பலகை ஏறுகிறது. கடைசி வரியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள், உங்கள் இஷ்டம்போல. ஒரே நிபந்தனை: எழுதியதை எலினெட்டின் சமையலறையில், அவள் முகத்தைப் பார்த்து, உரக்க வாசிக்க வேண்டும்.