நாளைய அனுமதிக்கு இன்றைய கேக்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை யாரும் தொடாத ஒரு கேக்கிலிருந்து வந்தது. பெர்லினில் நான் வேலை பார்த்த விமான நிறுவனத்தில், ஒரு வியாழக்கிழமை மதியம் அது மேசைமேல் இருந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வளைகுடாவின் தங்க மணலிலிருந்து எழுந்த கழுகு ஐரோப்பிய வானத்தில்—'

வேண்டாம். கழுகெல்லாம் இல்லை, வெறும் பங்கு பேரம். ஒரு வளைகுடா நிறுவனத்தின் விமானங்களை ஜெர்மன் அரசு நான்கே ஊர்களில் இறங்க விட்டது. மற்ற ஊர்ப் பயணிகளையும் பிடிக்க, அவர்கள் எங்கள் நிறுவனத்தில் பங்கு வாங்கி, எங்கள் விமானங்களுக்குத் தங்கள் விமான நம்பரையும் போட்டு டிக்கெட் விற்றார்கள். வாசலில் நிறுத்திவைத்த ஆள் சம்பந்தி என்று சொல்லிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்ததுபோல. அரசு லேசில் விடுமா? அப்படி விற்க ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக அனுமதி வாங்கு என்றது.

2.
கெசீனா எங்கள் வழித்தடப் பிரிவின் தலைவி. குளிர்கால அனுமதி பற்றி வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். கிடைக்காவிட்டால் வளைகுடாக்காரர்கள் கையை விரிப்பார்கள், நிறுவனம் படுத்துவிடும். கிடைத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, அவர்களுடைய அதிகாரி கல்ஃபான் வியாழனன்றே கேக்கோடு வந்துவிட்டார்.

"மேடம், வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. இப்பவே வெட்டிடுவோம். இன்ஷா அல்லா, வாழ்த்துகள்!"

"ஐயோ, வாய மூடுங்க! முன்னாடியே வாழ்த்தினா விளங்காது. பொறந்தநாளுக்கே நாங்க ஜெர்மன்காரங்க முந்தின நாள் வாழ்த்து சொல்ல மாட்டோம்."

"நான்தான் இன்ஷா அல்லா சொல்லிட்டேனே?"

"அது உங்க ஊருக்குச் சரி. எங்க அமைச்சகத்துக்குப் புரியணுமே!"

எங்கள் மாடியில் ஒருவரும் கேக்கைத் தொடவில்லை. [நானும்தான். இருபது வருடம் ஓர் ஊரில் இருந்தால் அதன் பயங்களும் ஒட்டிக்கொள்ளும்.] குப்பையில் போட மனமில்லாமல் கெசீனா அதை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

3.
இதுவரை நடந்தது. இனி என் கைச்சரக்கு. கெசீனாவுக்குக் கணவர் உண்டா என்றே எனக்குத் தெரியாது. ஆனால் எழுதியதைப் படித்தபோது அரசு வெறும் வில்லனாக நின்றது. அது அநியாயம். அந்தக் கட்டுப்பாட்டால் பிழைக்கிறவர்களும் உண்டு. ஆகவே டெட்லெஃப் என்றொரு கணவரை உண்டாக்கினேன். போட்டி நிறுவனத்தில் மெக்கானிக். எங்களுக்கு அனுமதி கிடைத்தால் பயணிகள் வளைகுடா வழியே போவார்கள். அவருடைய நிறுவனத்துக்கு ஆள் குறையும், பணிமனையை மூடிவிடுவார்கள்.

சாயங்காலம் ரொட்டியும் சீஸும் முடிந்து, அவர் இரண்டாவது துண்டு கேக்கில் இருந்தார்.

"பிரமாதமா இருக்கே! யாருக்குப் பொறந்தநாள்?"

"யாருக்குமில்ல. நாளைக்கு எங்களுக்கு அனுமதி வந்துடும்னு கல்ஃபான் வாங்கினது."

மெல்லுவதை நிறுத்தினார். "அடிப்பாவி! என் வேலை போறதுக்கு எனக்கே கேக்கா?"

"முன்னாடியே கொண்டாடினா நடக்காதுல்ல, பயப்படாம சாப்பிடு."

"நடக்கலன்னா உன் வேலை போயிடுமே."

கெசீனா சிரிக்க முயன்று— (முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

4.
முடிவு அ: அனுமதி வருகிறது. டெட்லெஃப் வீட்டில் உட்கார்கிறார்.

முடிவு ஆ: வரவில்லை. கெசீனா உட்கார்கிறார்.

முடிவு இ: பாதி வழித்தடங்களுக்கு மட்டும் வருகிறது. அரசுகளுக்கு மிகவும் பிடித்த முடிவு. இருவர் வேலையும் மெதுவாகப் போகும்.

டெட்லெஃபை அழித்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். நான் கொண்டுவந்த ஆள்தானே? மனம் வரவில்லை. அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

5.
வெள்ளி காலை, இருவரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். டெட்லெஃப் கேட்கிறார்:

"நெஜமா சொல்லு. எது வரணும்னு நெனச்ச?"

"நீ மொதல்ல சொல்லு."

அதற்குள் கெசீனாவின் நிலையம் வருகிறது. டெட்லெஃப் பையை எடுத்துக் கொடுத்து, "எதுவா இருந்தாலும் உடனே போன் பண்ணு" என்கிறார்.

வாசகரே, அமைச்சகத்தின் முடிவை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அது சுலபம். அந்த போனில் கெசீனா "நல்ல செய்தி" என்று தொடங்குவாரா, "கெட்ட செய்தி" என்றா? அந்த முதல் வார்த்தை எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள்.