ஜெனோவா முள்ளுப்பூ

மீனும் வாங்காமல், படகும் இல்லாமல், தினமும் ஒரு வாளி உடைத்த ஐஸ் வாங்கிப்போகிற கிழவனை மீன்பிடித் துறைமுகத்தில் யாரும் நல்லவிதமாகப் பார்க்க மாட்டார்கள். என்னையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாளே என் மைத்துனன் இஞ்ஞாசிக்குச் சேதி போய்விட்டது. நாலாம் நாள் காலையில் ஐஸ் கம்பெனி வாசலில் பைக்கோடு நின்றான்.

"அத்தான், ஐஸ் எதுக்கு?"

"செடிக்குத்தாம்ல."

என் வாளியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா உசுரோடதான இருக்கா?"

என் பின்னாலேயே வந்து, என் மனைவி கிளாடிஸ் அடுப்படியில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீ குடித்தான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அப்பாவின் கால் பெருவிரலை ஒரு முத்துச்சிப்பி கவ்விக் கொழும்பு வரை இழுத்துப்போன கதையை என் வாயால் கேட்டு வளர்ந்தவன். முப்பது வருஷம் கப்பலில் எஞ்சின் ரூமுக்குள் எண்ணெய் போட்டவன் நான். கடலைக்கூடப் பார்த்ததில்லை. கரைக்கு வந்தால் சொல்ல ஏதாவது வேண்டாமா? ஆனால் ஒன்று மட்டும் நடந்தது. எண்பத்தாறில் ஜெனோவா துறைமுகத்தில் எங்கள் கப்பல் பழுதாகி நாற்பது நாள் கிடந்தது. அங்கே முள்ளுப்பூ ஒன்றை மொட்டாகவே அவித்துக் கொடுத்தார்கள். இதழ் இதழாகப் பிய்த்து, முருங்கைக்காய் மாதிரி பல்லால் வழித்துத் தின்ன வேண்டும். தின்றபின் தண்ணீர் குடித்தால் இனிக்கும். இதைச் சொன்னால் சிப்பிக் கதையை நம்பினவர்கள்கூடச் சிரித்தார்கள். கிளாடிஸ் சிரிக்கவும் இல்லை. அந்த நாற்பது நாளில்தான் அவளுக்கு ஜெர்லின் பிறந்தாள். பிள்ளைப் பேற்றுக்கு வராதவன் பூ தின்றுகொண்டிருந்தேன் என்றால் எவள் நம்புவாள்? கண்ணை மூடுவதற்குள் அவள் வாயால் 'நெசந்தான்' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. எழுபத்தொரு வயதில் வேறு ஆசை வந்தால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள்.

கப்பலில் போகிற என் தங்கை மகன் அமலன் போன வருஷம் அந்த ஊர் விதை இரண்டு பாக்கெட் கொண்டுவந்தான். ஒன்று ஆர்ட்டிசோக், மொட்டைத் தின்பது. இன்னொன்று அதன் பங்காளி கார்டூன், தண்டைத் தின்பது. அக்டோபர் மழையில் சிமெண்டுத் தொட்டியில் போட்டேன். வெள்ளி பூசினது போல இலை, ஓரமெல்லாம் முள், நெஞ்சு உயரம். தெருவில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். பக்கத்து வீட்டுச் சீனித்தாயின் ஆடு சினிமா போஸ்டரையே பசையோடு தின்கிற ஆடு. அது மோந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனது.

"ஆட்டுக்கே சந்தேகமா இருக்கே அண்ணாச்சி," என்றாள் சீனித்தாய். "போலீசு கேட்டா நான் ஒண்ணும் பாக்கலன்னுதான் சொல்லுவேன்."

கார்டூன் தண்டைக் கிளாடிஸ் தேங்காய் அரைத்துக் கூட்டு வைத்தாள். கசப்பு. இஞ்ஞாசி இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றான், இனிப்பு எங்கே என்பது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஆர்ட்டிசோக்கோ மொட்டே விடவில்லை. குளிர் வேண்டும் என்று அமலன் போனில் சொன்னான். தூத்துக்குடியில் குளிர் ஐஸ் கம்பெனியில்தான் இருக்கிறது. முப்பத்தெட்டு நாள் வேரைச் சுற்றி ஐஸைக் கொட்டி அந்தச் செடியை ஐரோப்பா என்று நம்பவைத்தேன். நான் சொன்னதை நம்பிய கடைசி உயிர் அதுதான். மார்ச்சில் ஒரே ஒரு மொட்டு வந்தது, என் கைமுட்டி அளவு.

தவக்காலத்து ஞாயிறு, பூசை முடிந்து இஞ்ஞாசி வந்தான். தோளில் சீல் உடைக்காத தண்ணீர் கேன்.

"ஒங்க வீட்டுத் தண்ணில சீனி கெடக்கும்," என்றான். அவனே சீலை உடைத்தான். டம்ளரையும் அவனே கழுவினான்.

உப்புப் போட்டு அவித்த மொட்டை நெடுக இரண்டாக வகுந்தேன். நடுவில் பஞ்சு போல மயிர் இருக்கும், தொண்டையில் சிக்கும். ஸ்பூனை விட்டு ஒரே சுற்றில் வழித்தெடுத்து, அவனுக்கும் கிளாடிஸுக்கும் ஆளுக்குப் பாதி வைத்தேன். இஞ்ஞாசி அடியிலிருந்த சதையைக் கடித்தான், நாலு இதழை வழித்தான், தண்ணீர் குடித்தான். டம்ளரை மோந்து பார்த்தான். கேனைத் தூக்கி அடியைப் பார்த்தான். மறுபடி குடித்தான்.

"மாதாவே! இனிக்கிக்கா."

கிளாடிஸும் தின்றாள். குடித்தாள். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"நெசந்தான்," என்றாள்.

முப்பத்தொன்பது வருஷம் காத்திருந்த சொல். அதை நான் அனுபவிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள்.

"அப்ப அவளும் நெசந்தான்."

"எவ?"

"லூசியா."

லூசியா என்று யாரும் கிடையாது. கதைக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று, பூவை அவித்துக் கொடுத்ததாக நான் சேர்த்துவிட்ட விதவை. நண்பர்களிடம் சொல்லும்போது அவளுக்கு முப்பது வயது. வீட்டில் சொல்லும்போது அறுபது. ஒருமுறை ஒரு கண்ணையும் எடுத்துவிட்டேன். பூவையே நம்பாதவர்கள் அவளை எதற்கு நம்பப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். கிளாடிஸ் நம்பாதது எத்தனை வசதியாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏளா, அவிச்சுக் குடுத்தது கேன்டீன்காரன். மீசை வச்ச தடியன்."

இஞ்ஞாசி விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், நீங்க சொன்னதுலேயே இதுதான் படுமோசம்."

கிளாடிஸ் சிரிக்கவில்லை. "இந்த வீட்டுல ஒரு வெங்காயம் உரிச்சதில்ல இவரு. அந்த மயிர ஒரே சுத்துல எடுத்தாரே, பாத்தியால? மீசக்காரன் கையப் புடிச்சா சொல்லிக் குடுத்தான்?"

உண்மையில் அவன் என் கையைப் பிடித்துத்தான் சொல்லிக்கொடுத்தான். அதை வெளியே சொல்லக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு.

இஞ்ஞாசி எழுந்து செருப்பைத் தேடினான். "வாரேங்க்கா," என்றவன் கேனை மறந்துவிட்டே போனான்.

கிளாடிஸ் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டாள். ஒரு இதழைப் பிய்த்து, அவசரமில்லாமல் பல்லால் வழித்து, தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"மொத நாளு அவள எங்க வச்சுப் பாத்திய?"

"யாரையும் பாக்கலளா."

ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். இன்னொரு இதழைப் பிய்த்தாள்.

"சரி. நாப்பது நாளு இருக்குல்லா. ரெண்டாவது நாளு?"

அவளுடைய பாதியில் இதழ்கள் இன்னும் இறுக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன.