முன்னூற்று ஐம்பத்திரண்டு தப்படி

அன்று சாயங்காலம் திருப்பதியில் ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சித்தூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் சூப்பிரண்டு சுந்தர்ராஜ். பயிற்சி மாணவர்கள் நால்வர்: நகரி நெசவுக்காரர் வீட்டுக் கோவர்த்தனன்; பாகாலாவிலிருந்து வந்த சிட்டிபாபு; இருபது வயது எர்னஸ்ட்; அந்த எர்னஸ்ட்டுக்கே கார்வேட்டிநகரம் மிஷன் பள்ளியில் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த கிருபானந்தம். வேறு யாரும் இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். பின்னால் இதைப் பற்றி அதிகம் பேசியவர்கள் எல்லாம் அங்கே இல்லாதவர்கள். ஆகவே பெயர்களை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

நாற்பத்தெட்டு வயதில் கிருபானந்தம் மாணவராக உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். பயிற்சி சர்டிபிகேட் இல்லாதவரை வரும் ஜூன் மாதத்துக்குப் பிறகு தலைமை ஆசிரியராக ஏற்பதற்கில்லை என்று 1931இல் இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார். கார்வேட்டிநகரத்துப் பள்ளியில் அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் அவருடைய நைனா. அவருக்குப் பின் இருபத்திரண்டு வருடம் கிருபானந்தம். அதில் வேறொருவர் உட்கார்வதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனார். தம்மிடம் உதை வாங்கிய பையன்களின் வயதுள்ளவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

படிப்பு அவருக்குச் சிரமமாக இல்லை. பாடக்குறிப்புதான் வரவில்லை. வகுப்புக்குப் போகுமுன் எதைச் சொல்வது, எதைக் கேட்பது, பிள்ளைகள் எதைச் செய்வது என்று நோட்டில் வரிவரியாக எழுத வேண்டும். அவர் எழுதிக்கொடுத்த மூன்று குறிப்புகளும் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. மூன்றிலும் சூப்பிரண்டு ஒரே கேள்வியைத்தான் எழுதியிருந்தார்: "எல்லாம் நீங்களே சொல்லிவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?"

பிப்ரவரியில் நால்வரையும் இரண்டு வாரம் பாடம் நடத்திப் பழகத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். முடிவில் ஆளுக்கு ஒரு பெரிய பாடம். சூப்பிரண்டு ரயிலில் வந்து பின்வரிசையில் உட்காருவார். கூடப் படிப்பவர்களும் உட்கார்ந்து குறை நிறை எழுதுவார்கள். அதில் தேறாதவருக்கு அந்த வருடம் சர்டிபிகேட் இல்லை. கிருபானந்தத்துக்குப் புதன்கிழமை ஏ பிரிவு. எர்னஸ்ட்டுக்கு வியாழக்கிழமை பி பிரிவு. இருவருக்கும் ஒரே பாடம்: ஊர்ப்படம் வரையக் கற்றுக்கொடுப்பது.

திங்கட்கிழமை காலை எர்னஸ்ட் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"ஐயா, குறிப்பு எழுதிட்டீங்களா? வேணும்னா நான் கூட உக்காந்து..."

"எனக்கு நீ சொல்லித் தர்ற காலம் இன்னும் வரலடா."

கோவர்த்தனன் தலை துவட்டிக்கொண்டே சிரித்தான். "விடு எர்னஸ்ட். பெரிய வாத்தியாருக்குக் குறிப்பு எதுக்கு? பெரம்பு ஒண்ணு போதும்."

அன்று சாயங்காலம் மற்ற மூவரும் கோவிந்தராஜர் கோயில் குளத்துப் பக்கம் போயிருந்தார்கள். கிருபானந்தத்துக்கு இடது முழங்கால் பழுது. சிறுவயதில் வண்டியிலிருந்து விழுந்தது. காலை இழுத்துத்தான் நடப்பார். நால்வரும் தங்கியிருந்த அறையில் தனியாக இருந்தார். தம் நோட்டில் தலைப்பை எழுதி அடிக்கோடிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எர்னஸ்ட்டின் நோட்டு அவன் பாய்மேல் கிடந்தது.

கேட்டிருந்தால் அவன் இரண்டு கையாலும் கொடுத்திருப்பான். கேட்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை. எடுப்பது சுலபமாக இருந்தது. ஒன்பது பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் தம் நோட்டில் எழுதி முடித்து, அவன் நோட்டை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தார். கை நடுங்கவில்லை. பிற்பாடு அதை நினைக்கும்போது அவருக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

குறிப்பில் இப்படி இருந்தது: பள்ளி வாசலிலிருந்து குளத்துப் படி வரை எத்தனை தப்படி என்று பிள்ளைகளை முதல்நாளே நடந்து எண்ணி வரச் சொல்லவும். ஆசிரியரும் நடந்து எண்ண வேண்டும். ஆசிரியர் எண்ணியது முன்னூற்று ஐம்பத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகளிடம் சொன்னார். தாம் நடக்கவில்லை. எண்ணிக்கைதான் நோட்டில் இருக்கிறதே.

புதன்கிழமை பாடம் நன்றாகத்தான் தொடங்கியது. பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவன் ஐந்நூற்றுப் பத்து. இன்னொருவன் நானூற்றுத் தொண்ணூறு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வள்ளி ஐந்நூற்று எழுபத்திரண்டு. கிருபானந்தம் நோட்டைப் பார்த்தார். முன்னூற்று ஐம்பத்திரண்டு. சாக்கட்டியை எடுத்து ஒவ்வொரு சிலேட்டிலும் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார்.

"நான் ரெண்டு வாட்டி எண்ணினேன் சார்," என்றாள் வள்ளி.

"ரெண்டு வாட்டியும் தப்பா எண்ணியிருக்க. உக்காரு."

அவள் கண் நிறைந்தது. அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே எர்னஸ்ட்டின் வாசகம் அவருடைய கையெழுத்தில் இருந்தது: "ஒவ்வொருவர் எண்ணிக்கையும் அவரவர் காலுக்குச் சரி. ஒன்றும் தப்பில்லை. கால்கள் வேறுபடுவதால்தான் எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் தேவைப்படுகிறது. இதைப் பிள்ளைகளே சொல்லும்படி கேட்கவும்."

திங்கட்கிழமை சாயங்காலம் அதை எழுதியபோது அவர் படிக்கவில்லை. எழுத மட்டுமே செய்திருந்தார். பின்வரிசையில் எர்னஸ்ட் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வகுப்பில் நடந்தது என்ன என்று அந்தக் கணமே புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். கிருபானந்தம் பேச்சை மாற்றி, கரும்பலகையில் அளவுகோல் போட்டுக் காட்டி, எப்படியோ மணி அடிக்கும்வரை ஓட்டினார். சிலேட்டில் போட்ட குறிகளை அழிக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஐவரும் கூடினார்கள். சுந்தர்ராஜ் நல்லவிதமாகவே பேசினார். "நடத்தும்போது தடுமாறிட்டீங்க. பதட்டம். அது போகட்டும். ஆனா குறிப்பு, இந்த வருஷம் நான் பார்த்ததிலேயே இதுதான் நல்ல குறிப்பு. பிள்ளைங்க கால்லருந்தே பாடத்தை எடுத்திருக்கீங்க. இத்தன வருஷ அனுபவம் சும்மாவா?"

பிறகு மறுநாளைய பாடத்துக்காக எர்னஸ்ட்டின் நோட்டைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். கிருபானந்தத்தின் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கே."

இரண்டு நோட்டையும் மூடினார்.

"ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் எடுத்திருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குளம் வரைக்கும் நடந்து எண்ணினது யாரு?"

எர்னஸ்ட் கிருபானந்தத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பாடம் ஒப்பிக்கும் பிள்ளை அடுத்த சொல்லுக்காக வாத்தியார் வாயைப் பார்ப்பது போல் பார்த்தான்.

கிருபானந்தம் கார்வேட்டிநகரத்து நாற்காலியை நினைத்தார். நைனாவை நினைத்தார். "நான்தான்," என்றார்.

சூப்பிரண்டின் கண் ஒரு கணம் அந்த இடது காலுக்குப் போய்த் திரும்பியது. கோவர்த்தனன் வாயைத் திறந்தான். சிட்டிபாபு அவன் தொடையைத் தட்டி அடக்கினான். ஐந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. மற்ற நால்வரும் அந்த நரைத்த தலைக்கு மரியாதை செய்தார்கள்.

"நீ என்ன சொல்ற எர்னஸ்ட்?"

"ஐயா சொல்லிட்டாரே சார். அதுக்கு மேல நான் இன்னா சொல்றது."

எர்னஸ்ட்டின் பாடம் ரத்தானது. அந்த வருடம் அவனுக்குச் சர்டிபிகேட் இல்லை என்று ஆனது. மறுநாள் காலை ரயிலுக்கு அவன் படுக்கையைச் சுருட்டும்போது கிருபானந்தம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "வரேன் ஐயா," என்றான். 

அவன் போன பிறகு அவர் எழுந்து பள்ளி வாசலுக்கு வந்தார். காலை இழுத்து இழுத்து, எண்ணிக்கொண்டே குளத்துப் படி வரை நடந்தார். நானூற்றுப் பதினெட்டு. படியில் வள்ளி தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

"எவ்ளோ சார் வந்துச்சு?"

"நானூற்றுப் பதினெட்டு."

அவள் யோசித்தாள். "அப்போ நீங்களும் தப்பா சார்?"

"ஆமாம்மா," என்றார். அந்த ஒரு சொல்லை முதல்நாள் சொல்லியிருக்க வேண்டும்.

சர்டிபிகேட் மே மாதம் வந்தது. மனைவி தபீதாள் அதற்குக் கண்ணாடி போட்டு நைனாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். திருப்பதியில் நடந்ததைக் கோவர்த்தனன் யாரிடமோ பாதி சொல்ல, அது சபைக்குள் சுற்றி வரும்போது எர்னஸ்ட் வாத்தியாருடைய நோட்டைத் திருடினான் என்று முழுசாகிவிட்டிருந்தது. தபீதாளும் கிணற்றடியில் அதையே சொன்னாள். கிருபானந்தம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது படம் மாட்டிய சுவருக்கு முதுகு காட்டி உட்காரப் பழகிக்கொண்டார். எர்னஸ்ட் நகரியில் ஒரு தறிக்காரரிடம் நூல் எடை போட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சித்தூரிலிருந்து ஞானமணி என்ற கம்பவுண்டர் வீட்டுக்கு வந்தார். பொண்ணைப் பெற்றவர்.

"தோத்திரம் ஐயா. எம்பொண்ணு மேரிய எர்னஸ்ட்டுக்குக் கேட்டு வந்துக்கினு இருக்காங்க. பையன் பார்க்க நல்லாத்தான் இருக்கான். ஆனா கை சுத்தமில்லன்னு பேசிக்கிறாங்க. அவனுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவர் நீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா அதோட முடிச்சிக்கலாம்னு வந்தேன்."

"அதான் ஊருக்கே தெரியுமே," என்று தபீதாள் காப்பியை வைத்தாள். "இவரு நோட்டத்தான எடுத்துக்கினு போனான். இவரு பெரிய மனசு பண்ணி சும்மா விட்டாரு."

"தபீதா, நீ உள்ள போ."

அவள் போகவில்லை. அவர் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது.

"ஞானமணி, அந்த நோட்டு அவனுது. எடுத்தவன் நான். யாரு நடந்து எண்ணினதுன்னு சூப்பிரண்டு கேட்டாரு. நான்னு பொய் சொன்னேன். அவன் எம்முகத்தப் பாத்துக்கினு சும்மா இருந்தான். முன்னூற்று ஐம்பத்திரண்டு அவன் தப்படி. என்னுது நானூற்றுப் பதினெட்டு. வேணும்னா நடந்து காட்டறேன்."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. தபீதாள் சுவரில் மாட்டிய சர்டிபிகேட்டைப் பார்த்தாள்; பிறகு தரையைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் பேரு இன்னா ஆவறது?" என்றாள் மெல்ல.

"நைனா இருந்திருந்தா அந்த நாற்காலியில என்னை உக்கார விட்டிருக்க மாட்டாரு. அதான் நம்ம வீட்டுப் பேரு."

ஞானமணி தொண்டையைச் செருமினார். "இத எழுதித் தருவீங்களா ஐயா? எங்க வீட்டுப் பெரியவங்க கேப்பாங்க."

எழுதித் தந்தார். அதே பேனாவால் சூப்பிரண்டுக்கும் ஒரு கடிதம் எழுதினார். சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றி, சர்டிபிகேட்டை உருவி அந்த உறையிலேயே வைத்தார். எர்னஸ்ட்டுக்கும் ஒரு கடிதம் தொடங்கினார். அவன் பெயரைத் தாண்டி ஒரு வரி எழுத முடியவில்லை.

எர்னஸ்ட் அடுத்த வருடம் பாடம் நடத்தித் தேறினான். மேரிக்கும் அவனுக்கும் சித்தூர் மிஷன் கோயிலில் கல்யாணம் நடந்தது. கிருபானந்தத்துக்கு முதல் பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகையை வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அவனைப் பார்க்கும் முகம் தமக்கு இல்லை என்றார்.

கால் முடியாமல் போனதால்தான் கிருபானந்தம் தலைமை ஆசிரியர் வேலையை விட்டார் என்று கார்வேட்டிநகரத்தில் சொல்கிறார்கள். அவருடைய குடும்பத்திலும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. அது உண்மையல்ல. அவருக்குக் கால் கடைசி வரை அதே மாதிரிதான் இருந்தது. நோட்டைத் திருடியதற்காகவும் பொய் சொன்னதற்காகவும் அவர் சர்டிபிகேட்டைத் திருப்பி அனுப்பினார். வேலை அதனால் போயிற்று.