அடித்தகட்டில் ஒரு லாடம்

ஒடிந்த ஆர்ம் இரண்டு துண்டாக மேசைமேல் கிடந்தது. பந்தய டிரக்கின் பின்சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் நீளமான இரும்புக் கை அது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கூடவே இறங்கும், மேட்டில் ஏறினால் கூடவே ஏறும். நடுவில் நிற்கிற ஷாக் அப்சார்பர் அந்த அடியையெல்லாம் வாங்கிக்கொள்ளும். திண்டிவனத்தில் மரக்காணம் சாலையோரம் இருக்கும் தன் பட்டறையில் ஃபைசல் வரைந்து, வெட்டி, வளைத்துச் செய்தது. அதை நம்பி ஓட்டிய அருள் போன வாரம் செத்துப்போனான். வானூர்ப் பக்கம் செம்மண் ஓடையில் சோதனை ஓட்டம். ஒரு மேட்டில் எகிறி இறங்கியதும் இடது ஆர்ம் ஒடிந்து வண்டி உருண்டுவிட்டது.

"பாய் செஞ்ச ஆர்ம் ஒடஞ்சிதான் அருள் போனான்" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் பேச்சு. கோட்டக்குப்பத்திலிருந்து ஷார்ஜா போய், பாலைவனப் பந்தய வண்டிகளில் வேலை கற்று, திரும்பி வந்து பட்டறை போட்டவன் ஃபைசல். இந்தத் தொழிலில் பேர் போனால் ஷட்டரை இறக்கிவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒடிந்த வாயில் அப்பியிருந்த செம்மண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தவன் கை நின்றது. அடித்தகட்டின் நடுவில், ஷாக் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, கருப்பு பெயிண்டுக்குள் ஒரு குதிரை லாடம். விரிசல் அதன் ஓரத்திலிருந்துதான் கிளம்பியிருந்தது. கொஞ்ச தூரம் துருவேறிய பழைய விரிசல், மீதி பளபளவென்று புது உடைப்பு.

"ராயப்பண்ணே, இது இன்னா?"

வெல்டர் ராயப்பன் வந்து குனிந்து பார்த்தார். "லாடம்."

"அது எனக்கும் தெரியுது. யாரு வெச்சது?"

"நான்தான். அருளோட அம்மா, வடிவம்மா, எடுத்துக்கினு வந்துச்சி. நீ ஜும்மாவுக்குப் போயிருந்த. புள்ளைக்குக் கண்ணு படுது, வண்டியில எங்கனா வெச்சிக் குடுன்னிச்சி. அவன் பார்த்தா திட்டுவான், தெரியாத மாதிரி அடியில வையின்னு எடத்தையும் காட்டுச்சி." ராயப்பன் குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது. "ஆர்ம்ல எங்கயும் ஓட்டை போடாதன்னு நீதான சொல்லிக்கினே இருப்ப? அதான் போல்ட்டு போடல பாய். சின்னச் சின்னப் பொட்டா வெல்டிங் வெச்சி பெயிண்ட் அடிச்சிட்டேன்."

ஃபைசலுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓட்டை போடாதே என்று நூறு தடவை சொன்னவன், பொட்டு வைக்காதே என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. யாராவது வைப்பார்கள் என்று தோன்றினால்தானே? ஆர்மின் ஓரங்களை ஒட்டும்போது தகட்டை முதலில் சூடாக்குவார்கள், ஒட்டியபின் மணலில் புதைத்து மெதுவாக ஆறவிடுவார்கள். சின்னப் பொட்டுக்கு யார் அதெல்லாம் செய்யப்போகிறார்கள்? சட்டென்று ஆறிய இடம் கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும். டிரக் குதித்து இறங்கும்போது அதிகமாக இழுபடுவதும் அந்த இடமேதான்.

இதை அவன் சொல்லி முடிக்கும்போது ராயப்பன் கீழே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"அப்ப நான்தான் கொன்னனா பாய்?"

ஃபைசலுக்கு வேறொன்று உறைத்தது. இதே ஆர்ம் பூட்டிய இன்னொரு டிரக் விழுப்புரம் அரிசி ஆலைக்காரர் சீனுவாசனிடம் இருந்தது. "சீனுவாசன் வண்டியிலயும் வெச்சிருக்கியா?"

"ஒரே குதிரையோட நாலு லாடத்தையும் அந்தம்மா குடுத்துச்சி. ரெண்டு மீந்துது. வீணாக்குவானேன்னு…"

ஃபைசல் அப்போதே பைக்கை எடுத்தான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வால் நீட்டி நின்றன. ஓரமாக நுழைந்து விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது, அரிசி ஆலை முற்றத்தில் சீனுவாசன் தன் டிரக்கை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

"வா பாய். ஒன்னு ஒடச்சாச்சி, அடுத்தத பாத்துட்டுப் போலாம்னு வந்தியா?"

ஃபைசல் டிரக்கை இறக்கச் சொல்லி அடியில் படுத்தான். லாடத்தின் ஓரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நகத்தை வைத்து இழுத்தான். மாட்டியது. சீனுவாசனையும் குனியவைத்து அவர் நகத்தை அங்கே வைக்கச் செய்தான். அவருக்கும் மாட்டியது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"கழட்டிடு ரெண்டையும். லாடம் யாரு வெச்சது?"

"பட்டறையில வெச்சதுதான்."

"உன் பட்டறை தான? அப்ப உன் தப்பு தான? வெளிய ஏன் பழிய தேடிக்கினு இருக்க? இனிமே நான் சென்னையிலயே செஞ்சிக்கிறேன்."

வடிவின் பேர் ஃபைசலின் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டான். ஆனால் லாடம் என்கிற சொல் சீனுவாசன் காதில் ஏறிவிட்டது. பொழுது சாய்வதற்குள் அது மரக்காணம் கடற்கரையில் அருள் வீடு இருக்கும் குப்பத்துக்குப் போய்விடும். தெருவில் எவனோ சிரித்துக்கொண்டு சொல்லி அந்த அம்மா கேட்பதைவிட, தானே போய்ச் சொல்வது மேல் என்று நினைத்தான். இன்னொரு ஆசையும் உள்ளே இருந்தது, இல்லாமலில்லை. பெற்றவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் வாய் அடங்கும்.

குப்பத்தில் துக்கத்துக்குப் போட்ட பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அருளின் அப்பா சிங்காரம் நாலைந்து பேரோடு அதன் கீழே உட்கார்ந்திருந்தார்.

"பாருங்கடா, செஞ்சவரே வந்துட்டாரு. பொணத்தை எரிச்சாச்சி பாய், அளவெடுக்க ஒன்னும் இல்ல."

"அம்மாவைப் பார்க்கணும்ங்க."

"போ, அவளையும் பாத்துட்டுப் போ."

வடிவு கொல்லைப்புறத்தில், பற்றவைக்காத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஃபைசல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, சுற்றி வளைக்காமல் சொன்னான்.

"நான் குடுத்ததா?"

"லாடத்துல ஒன்னும் இல்லம்மா. வெச்ச எடம்தான் தப்பு."

"எடம் நான் காட்டுனது."

பந்தலில் யாரோ இருமினார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், சத்தமே வரவில்லை. பிறகு அதை எடுத்தாள்.

"யாருகிட்ட சொன்ன?"

"உங்க பேரை யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லாத." தலையால் வாசல் பக்கம் காட்டினாள். "அந்த மனுஷனோடதான் நான் இனிமேப்பட்டு காலந்தள்ளணும். இது தெரிஞ்சா ஒரு வாய் சோறு வாங்கித் தின்னமாட்டாரு என் கையால. உனக்குப் போறதுக்கு வேற ஊரு இருக்குது தம்பி."

ஃபைசல் எழுந்தான். அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே வாசல் வரை வந்தாள்.

"இன்னா சொல்றான் உன் பாயி?" என்றார் சிங்காரம்.

வடிவு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்பு சரியில்லயாம்" என்றாள்.

"கேட்டுக்கினீங்களா?" சிங்காரம் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அவன் வாயாலயே சொல்லிட்டான்."

ஃபைசல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பந்தலைச் சுற்றி பைக்கிடம் நடந்தான். முதல் உதையில் அது கிளம்பவில்லை.