ஒரு துளி சதை

அக்காவின் வாயை மூட முடியவில்லை. தம்பி கட்டிலில் முழங்காலை ஊன்றி, அவள் தாடையை உள்ளங்கையால் மேலே தள்ளிப் பிடித்திருந்தான். வீங்கிய நாக்கு பற்களுக்கு நடுவே தடுத்தது. லேத் பட்டறையில் இருபது வருடம் இரும்பைச் சீவிப் பொருத்திய கை, இங்கே உதவவில்லை. கடைசியில் ஒரு துண்டை நீளவாக்கில் மடித்து, தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான்.

உயிர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கிளட்ச்சை மிதிக்கப் பழகினார்கள். நாக்கின் ஓரத்தில் புண் வந்தபோது, "எனக்கு வாய் ஜாஸ்தில்ல, அதான் நாக்கு தேயுது" என்று சிரித்தாள். பல் டாக்டர் கொடுத்த ஜெல்லைத் தடவினாள். எட்டு மாதம் தடவினாள். விழுங்க முடியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பேச்சு நின்ற பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: "அந்தப் பல் டாக்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அந்தப் பல் டாக்டர் இப்போது வாசலில் நின்றிருந்தார்.

தம்பி கூடத்தைக் கடந்த வேகத்தில் ஒரு நாற்காலி உருண்டது.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தீங்க? ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணைச் சோதிக்கணும்னு பெரிய ஆஸ்பத்திரில எடுத்த எடுப்புல சொல்றாங்க. நீங்க ஜெல்லைக் குடுத்து அனுப்பியிருக்கீங்க. படிச்சுதான் பாஸ் பண்ணீங்களா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா புருஷன், "விடு மாப்ள, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க மாமா. இவரை நான் விடப்போறதில்ல."

டாக்டர் அக்கா புருஷனையே பார்த்தார். "வீட்ல சொல்லலையா சார்?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"நாக்கைத் துணியால பிடிச்சு இழுத்து ஓரம் பூராவும் பாத்தேன்" என்றார் டாக்டர், தம்பியிடம். "விரல் வெச்சா அடியில கட்டியா இருந்துச்சு. கழுத்தையும் தடவிப் பாத்தேன், அப்ப நெறி இல்ல. உரசின பல்லை ராவி மழுக்கிட்டு, ஜெல் குடுத்து, ரெண்டு வாரத்துல வரச் சொன்னேன். வந்தாங்க. ஆறல. ஒரு துளி சதை எடுத்துச் சோதிக்கணும்னு அன்னைக்கே எழுதி சார் கையில குடுத்தேன். ரெண்டு தடவை போன் பண்ணேன். வேற இடத்துல பாத்துக்கறோம்னு சொன்னாங்க."

"அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"அவ பயந்துருவா, எங்கிட்ட சொல்லுங்கன்னு சார் கேட்டுக்கிட்டார்." டாக்டரின் குரல் தாழ்ந்தது. "நான் அவங்ககிட்டயே சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

தம்பி திரும்பினான்.

"மாமா?"

"கத்தி வெச்சா பரவிடும்னு நாலு பேர் சொன்னாங்க மாப்ள. வெறும் புண்ணுதானேன்னு..."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஜெல்லே போதும்னு டாக்டர் சொன்னாருன்னேன்."

தம்பி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். பொத்தான் ஒன்று தெறித்தது. "சாகுற வரைக்கும் இந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே செத்தாளே! பக்கத்துல உக்காந்து சிலேட்டைத் துடைச்சுக் குடுத்தீங்களே!" ஓங்கிய கையைப் பார்த்தும் அவர் ஒதுங்கவில்லை, அடிக்காகக் காத்திருப்பவர் போல முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. தம்பி சட்டையை விட்டான்.

கீழே அமரர் ஊர்தி வந்து ஹாரன் அடித்தது. மூன்றாவது மாடி, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. வண்டியோடு வந்தவர்கள் இருவர் கால் பக்கம் பிடித்தார்கள். "தலைப் பக்கம் வீட்டாளுங்க ரெண்டு பேர் பிடிங்க" என்றார் ஒருவர்.

தம்பி ஒரு கைப்பிடியைப் பற்றினான். மறு கைப்பிடியை அக்கா புருஷன் பற்றினார். டாக்டர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் முட்டிக்கொண்டது. வேறு வழியில்லை, பேசியாக வேண்டும்.

"பின்னாடி வாங்க" என்றான் தம்பி, அவரைப் பார்க்காமல். "இன்னும். போதும். இப்பத் தூக்குங்க."

அவர் பக்கம் தாழ்ந்தது. தம்பி தன் பக்கத்தை உயர்த்தி, சுமையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டான். விரல் முட்டி சொரசொரத்த சுவரில் உரசித் தோல் வழன்றது. கையை மாற்றாமல் அடுத்த படியில் காலை வைத்தான்.