எர்வின் எழுதியது

கத்தரிக்கோல் கிடைக்காததால் பெட்டியின் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து இழுத்தாள் லியோனி. உள்ளே அப்பாவின் அடக்க ஆராதனைக்கான கையேடுகள் இருந்தன. போர்ட் லிங்கனிலிருந்து இறுதிச்சடங்குக் கம்பெனிக்காரர்கள் காலையில்தான் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அட்டையில் அப்பா, ஆட்டுச் சந்தையில் எடுத்த படம். தொப்பியைக் கழற்றச் சொன்ன கோபத்தில் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார்.

படம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தபடியே கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மேலே ஒரு வெள்ளைப் புறா. கீழே சாய்ந்த எழுத்தில் நாலு வரி.

‘நீ சென்ற பின்னும் கெண்டியின் கைப்பிடி
உன் இடக்கையைத் தேடியே திரும்புகிறது.
உன் காலணிகள் வாசலில் காத்திருக்கின்றன.
எந்தக் கையால் ஊற்றுவேன் இனி என் தேநீரை?’

அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து: ‘எழுதியவர்: அறியப்படவில்லை. உரிமை எமது நிறுவனத்துக்கே. அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது.’

“கிரேம்!”

சர்ச் வாசலில் பூ அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தம்பி, பழக்கமில்லாத டையை இழுத்துத் தளர்த்தியபடி ஓடி வந்தான்.

“எதுக்கு இந்தக் கத்து கத்தற? யாரு செத்துட்டாங்க இப்ப?”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“இதை யாரு எடுத்துக் குடுத்தது?”

“நான்தான். அவங்க வெப்சைட்ல ஒரு குவியலே இருந்துச்சு. எல்லாம் தேவதை, வானவில்லுன்னு ஒரே பாகு. இது ஒண்ணுதான் வீட்ல நடக்கற மாதிரி இருந்துச்சு. அம்மாவும் இடதுகைதானே. அப்பாவுக்குப் பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்.”

“பிடிச்சிருக்குமா? டேய், இது அப்பா எழுதினதுடா!”

கிரேம் தாளைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். “அப்பா எங்க எழுதினாரு? அவரு போட்டது மழைக் கணக்கு.”

அப்பா எர்வின் நொஸ்கே, நிலத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு வெப்சைட் நடத்தினார். விடிந்ததும் வேலியோரம் இருக்கும் மழைமானியைப் பார்ப்பார். எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாவற்றுக்கும் மேலே போடுவார். அதற்குக் கீழே அன்றைக்கு மனசில் என்ன ஓடுகிறதோ அதை, வாயால் பேசுகிற மாதிரியே தட்டி வைப்பார். சுற்றுவட்டாரத்துக் கோதுமைக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அடிலெய்டில் இருந்த லியோனி பஸ்ஸில் போகும்போது படிப்பாள்.

“தினம் பார்ப்பேன் லியோனி. சத்தியமா. டிராக்டர் ஏறுறதுக்கு முன்னாடி அதுதான் முதல் வேலை.”

“என்னத்தப் பார்ப்ப?”

“எத்தனை மில்லின்னு.”

“அதுக்குக் கீழ?”

அவன் டையின் முனையைச் சுருட்டினான்.

“உன் விரல் ஒரு இன்ச் கீழ போகலையா?”

“நம்பர் மேலேயே இருந்துச்சே,” என்றான் கிரேம்.

லியோனிக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கம்பெனிக்காரனையும் சேர்த்து. அம்மா இறந்து மூன்றாவது வாரம் அப்பா எழுதியதை எவனோ எடுத்து, சீவி, பவுடர் பூசி, எங்கேயோ போட்டான். அங்கிருந்து இன்னொருவன் எடுத்தான். வாழ்த்து அட்டையில் வந்தது, காபிக் கோப்பையில் வந்தது. அப்பாவுக்கு இது தெரியவந்ததே அவருடைய தங்கை வால்மா அத்தையால்தான். கூப்பிய கைப் படம் ஒன்றைச் சேர்த்து, ‘படிச்சுப் பாரு, ஆறுதலா இருக்கும்’ என்று அவருக்கே அனுப்பி வைத்திருந்தாள்.

அவர் விடவில்லை. ஒவ்வொரு இடமாகத் தேடிப் பிடித்து எழுதினார். பேரைப் போடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். எல்லோரும் வாய்மூடி இருந்தபோது ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது: நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு ஆதாரம் அனுப்பவும். அப்பா அடுப்பின் மேலிருந்த கெட்டிலைப் படம் எடுத்து அனுப்பினார். அதற்கு மேல் அவர்களும் பேசவில்லை. கொஞ்ச நாளில் அந்த வரிகளை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

சத்தம் கேட்டு, கம்பெனியின் பிரெண்டன் கறுப்புக் கோட்டோடு வந்து நின்றான். விவரம் கேட்டதும் குரலை வெண்ணெயாக்கிக்கொண்டான்.

“உங்க துக்கம் எனக்குப் புரியுது மேடம்.”

“துக்கம் இல்ல. கோவம்.”

“இதெல்லாம் நாங்க எழுதறதில்லைங்க. இன்னொரு இடத்துல சந்தா கட்டி வாங்கறோம். அவங்க எங்க எடுத்தாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த ஊர்ல காதுல வில்லை இல்லாம ஒரு ஆடு வேலி தாண்ட முடியாது, தெரியுமா? யாரோடது, எங்க பொறந்துச்சு, எல்லாம் காட்டணும். ‘வாங்கினேன், யாரோடதுன்னு தெரியாது’ன்னு சந்தையில போய்ச் சொல்லிப் பாருங்க. தோலை உரிச்சிடுவாங்க. எங்கப்பாவோட வார்த்தை ஒரு ஆட்டுக்கு ஆகலையா? அதுல ‘உரிமை எமக்கே’ன்னு வேற! அவர் சவப்பெட்டி மேலயே வைக்கறதுக்கு!”

பிரெண்டனின் காது சிவந்தது. “வேணும்னா அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எடுத்துடலாங்க. ஆராதனையிலயும் விட்டுடலாம்.”

“எடுத்துடறோம், எடுத்துடறோம்! எப்பவும் இதே பாட்டு. பேரைப் போடறோம்னு ஒருத்தன் வாயிலயாவது வருதா?”

பாஸ்டர் எட்டிப் பார்த்து, ஆரம்பிக்கலாமா என்று கண்ணால் கேட்டார். அந்த நாலு வரியை ஆராதனையில் வாசிக்க வேண்டியவன் கிரேம். லியோனி தன் போனைத் திறந்து, தேடி, அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

“அதைப் படிக்காத. இதைப் படி. அப்பா எழுதின மாதிரியே. படிச்சு முடிச்சிட்டு யாரு எழுதினதுன்னு பேரைச் சொல்லு. நீ சொல்லலன்னா நான் எழுந்து நின்னு சொல்லுவேன், பாஸ்டர் ஜெபம் பண்ணிட்டிருந்தாலும் சரி.”

“ஒரு தடவை பார்த்துக்கறேனே.”

“இத்தனை வருஷம் இருந்துச்சே பார்க்க.”

மணி அடித்துவிட்டது.

பாட்டு, ஜெபம், பிரசங்கம் எதுவும் லியோனியின் காதில் ஏறவில்லை. முன் வரிசையில், பையின் வாரைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். கிரேம் எழுந்து போனான். கையேட்டை ஓரமாக வைத்தான். போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, விதை வாங்கும் ஆள் ரசீது படிக்கிற மாதிரி ஆரம்பித்தான்.

“‘மழை இல்ல. ஐரிஸ் போய் மூணு வாரம் ஆச்சு. கெட்டிலை வச்சா கைப்பிடி இன்னும் இடது பக்கமே போகுது. அவ இடதுகைக்காரி. அவளோட இருந்து இருந்து நானும் இடது கையாலயே டீ ஊத்திப் பழகிட்டேன். இப்ப எந்தக் கையால ஊத்தறதுன்னு தெரியல. ரெண்டு கையாலயும் சிந்தறேன்.’”

யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

“‘அவ ரப்பர் பூட்ஸ் பின்வாசல்லயே கிடக்கு. இடது பூட்ஸுக்குள்ள ஒரு எலி குடும்பம் நடத்துது. அவ இருந்தா எலியை விட்டுட்டு என்னைத்தான் திட்டுவா.’”

இப்போது சர்ச் முழுக்கச் சிரித்தது. அம்மாவின் வாயை அறிந்தவர்கள் எல்லோரும். கிரேமுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்த வரிக்குப் போனான்.

“‘சாயங்காலம் கிரேம் போன் பண்ணான். விதைப்பு பத்திப் பேசினான். நானும் விதைப்பு பத்தியே பேசினேன். அவன் அழுதிருந்தான்னு குரல்ல...’”

வாசிப்பு நின்றுவிட்டது.

லியோனி நிமிர்ந்தாள். அந்த வரி அதில் இருப்பதே அவளுக்கு மறந்திருந்தது. திருடியவர்கள் வைத்துக்கொண்டது கெட்டிலை. எலியைத் துரத்தினார்கள், கிரேமை வெட்டினார்கள். யாருக்கு விற்பது, கிரேமை?

பாஸ்டர் எழலாமா வேண்டாமா என்று பாதியில் நின்றார். கிரேம் கண்ணைத் துடைக்கவில்லை; போனை இன்னும் தூரமாகப் பிடித்தான்.

“‘...குரல்ல தெரிஞ்சுது. கேட்கத் தெரியல. நாளைக்கும் மழை வராது.’ அவ்வளவுதான்.” இறங்கப் போனவன் நின்றான். “இது அப்பா எழுதினது.”

“பேரைச் சொல்லு,” என்றாள் லியோனி. குரலைத் தாழ்த்தவில்லை.

“எர்வின் நொஸ்கே எழுதினது.”

அடக்கம் முடிந்து, எல்லோரும் ஹாலில் டீ குடிக்கக் கூடினார்கள். முட்டை சாண்ட்விச்சும் தூள் தூவிய கேக்கும் தட்டுத் தட்டாகக் காலியாகின. வால்மா அத்தை கையேட்டை விசிறியாக ஆட்டிக்கொண்டு வந்து லியோனியின் கன்னத்தில் முத்தமிட்டாள்.

“கிரேம் பாவம். ஆனா என்னடி அது, செத்த வீட்ல எலி கிலின்னு? பேப்பர்ல இருக்கறதுதான் அழகா இருக்கு. புறாவோட சேர்த்து போட்டோ புடிச்சு பேஸ்புக்ல போட்டுட்டேன். அதுக்குள்ள எத்தனை பேர் அழுதுட்டாங்க தெரியுமா!”

“பேர் போட்டீங்களா அத்தை?”

“அதுலயே இருக்கே. ‘அறியப்படவில்லை’ன்னு.”

லியோனி கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். கோப்பையை மேஜையில் வைத்தாள். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தாள். தட்டில் டீ சிந்தியது.

“என்னடி நான் தப்பா சொல்லிட்டேன்?” என்று பின்னால் குரல் வந்தது. அவள் வெளியே போய்விட்டாள்.

போன் கிரேமிடம் இருந்தது. அவன் ஹாலில் இல்லை. காரெல்லாம் தாண்டி, வேலியோரம் நின்ற தன் வண்டிக்குள், டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். லியோனி மறுபக்கக் கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

“என் போன்.”

அவன் நிமிரவில்லை. கட்டைவிரல் திரையில் அப்பாவின் எழுத்தை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

“இன்னும் எவ்வளவு இருக்கு லியோனி?”

“நிறைய.”

“கதவைச் சாத்து. மண் உள்ள வருது.”

இருக்கையிலிருந்த நாய் முடியைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினாள். அவன் பக்கம் திரும்பவில்லை. அறுவடை முடிந்த வயல் ரோடு வரை மஞ்சளாகக் கிடந்தது. ஹாலிலிருந்து யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

கிரேம் ஒரு இடத்தில் பட்டென்று சிரித்தான். எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் ‘டிங்’ என்றது. திரையின் மூலையில் சிவப்பு. லியோனி டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து, ஆணியும் ரசீதும் கயிறும் கிடந்த குப்பைக்குள் துழாவி, சார்ஜர் வயரை உருவி அவன் பக்கம் நீட்டினாள்.