நான்காவது சுற்று

கோல்மன் நான்காவது சுற்றுக்காக அதே ரீல் நடன மெட்டின் தொடக்கத்துக்குத் திரும்பியபோது டிம்ப்னா தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

ஒரு மெட்டுக்கு மூன்று சுற்றுதான். மூன்றாவது முடிகையில் ஆரம்பித்தவர் 'ஹப்' என்று குரல் கொடுத்து அடுத்த மெட்டுக்குத் தாவுவார். மற்றவர்கள் பின்னால் போவார்கள். என்னிஸ் ஊரின் இந்த மதுக்கடையில் ஞாயிறு மதியங்களில் ஐம்பது வருடமாக ஆரம்பிப்பவர் அவள் கணவர் கோல்மன்தான்.

சற்று முன்புவரை எல்லாம் சரியாகவே இருந்தது. புல்லாங்குழல் மலக்கி வழக்கம்போலச் சீண்டினார்.

"இன்னிக்காவது என்னை மூச்சு விட விடுவியா கோல்மன்?"

"உனக்கேதுடா மூச்சு? உள்ள இருக்கறது பூரா பீர் நுரை."

சிரித்தபடிதான் கோல்மன் அக்கார்டியனைத் தோளில் மாட்டினார்.

செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போனவர் கடை வாசலில் அரை மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வீடு எந்தப் பக்கம் என்று கேட்கக் கூச்சம். டிம்ப்னா யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்டனிலிருந்து மகள் கூப்பிட்டபோதும், "அப்பா நல்லா இருக்கார்" என்றாள். கூட வாசிப்பவர்களுக்குத் தெரிந்தால் கணப்போரத்து நாற்காலியை அவருக்கு விட்டுத்தான் வைப்பார்கள். தேநீர் கொடுப்பார்கள். மெதுவாகப் பேசுவார்கள். ஆனால் வேறு யாரோ ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு அவர் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கமாட்டார்.

ஐந்தாவது சுற்று. விரல்கள் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாத்து," என்றாள் காதோரம். கண்களை மூடியபடி அவர் புன்னகைத்தார்.

ஆறு.

இத்தனை வருடத்தில் அவரை முந்தி அவள் எதையும் ஆரம்பித்ததில்லை. "ஹப்," என்று கத்திவிட்டு மடியிலிருந்த சின்னத் துருத்தி வாத்தியமான கான்செர்டினாவில் அடுத்த ரீலை எடுத்தாள். அவரே கட்டிய மெட்டு. யாருடையது என்று தெரியாமலே மாவட்டத்தில் பாதிப்பேர் வாசிப்பது. வயலின்கள் அவளோடு வந்தன, பாஞ்சோ வந்தது. கோல்மன் வரவில்லை. இரண்டு மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. மதுமேடைப் பக்கம் பேச்சு நின்றது.

மலக்கி குழலை இறக்கி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். யாரையும் பார்க்காமல் கோல்மனின் ரீலுக்குத் திரும்பினார். பிறகு ஒரு வயலின். பிறகு மற்றவை. யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

பாஞ்சோவில் கை ஓயாமலே ஓர்லா அவள் பக்கம் சாய்ந்தாள்.

"விடு டிம்ப்னா. அவர் நிறுத்தறப்ப நிறுத்திக்கலாம்."

டிம்ப்னா அவளையே பார்த்தாள்.

"நீ உங்கக்கா வீட்டுக்குப் போயிருந்தியே, அன்னிக்குப் பதினோரு சுத்து வரைக்கும் போச்சு."

கோல்மனின் நெற்றியில் வியர்வை. கால் தரையில் தாளம் தட்டியது. சுற்றிலும் எல்லாக் கால்களும் அதோடு தட்டின. டிம்ப்னாவின் விரல்கள் கான்செர்டினாவின் வாருக்குள் இருந்தன, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல். அவள் முழங்கையை உரசிக்கொண்டு அவருடைய அக்கார்டியனின் துருத்தி மறுபடி அகல விரிந்தது.